படத்தில் இருப்பது பிரென் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போர் ஆயுதங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, உலகின் முதல் இலகு ரக இயந்திரத் துப்பாக்கி லூயிஸ் என்கிறது. அதை மறுக்கும் சாட்சி அதே பக்கத்தில் இருக்கிறது! பிரிட்டனின் ‘பிரென்’ துப்பாக்கி என்று குறிப்பு எழுதிப் போட்டிருக்கிறீர்களே, அந்தப் படம்தான். அது டென்மார்க்கின் மேட்சன். தோட்டாக்கள் அடைத்த வளைந்த மாகஸின் மேலே செருகியிருப்பதால் பலரும் ஏமாறுவார்கள். பிரெனில் அது நடுவில் நிற்கும். மேட்சனில் சற்று இடப்புறம் தள்ளியிருக்கும்.

லூயிஸ் 1911-ல் வந்தது. மேட்சன் 1902-லேயே வந்துவிட்டது. அன்றைய கனரக இயந்திரத் துப்பாக்கியான மாக்ஸிமை இழுக்க வண்டியும் ஆட்களும், குளிர்விக்கத் தண்ணீரும் வேண்டியிருந்த காலம் அது. ஏறக்குறைய 9 கிலோ எடையில், ஒரே ஆள் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியதாக இது வந்தது. ரஷ்யா ஆயிரத்துக்கும் மேல் வாங்கியது. 1904-05 ஜப்பானியப் போரில் அதன் குதிரைப்படை இதைப் பயன்படுத்தியது. 1915-ல் ஜெர்மனி அமைத்த மஸ்கெட்டன் என்ற இயந்திரத் துப்பாக்கிப் பட்டாலியன்களின் கையிலும் இதுதான் இருந்தது.

நான் டூல் ரூமில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இதன் உள்ளமைப்பின் வரைபடத்தை முதன்முதலில் பார்த்தபோது, இது ஓடவே ஓடாது என்றுதான் நினைத்தேன். மற்ற துப்பாக்கிகளில், குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் முன்னும் பின்னும் நேராக ஓடி, காலித் தோட்டாவை இழுத்துப் போட்டுவிட்டுப் புதியதைத் தள்ளிவரும். மேட்சனில் பின்பக்கம் கீல் வைத்த ஒரு கட்டை இருக்கிறது. பழைய மார்ட்டினி ரைஃபிளில் இருப்பதன் உறவு. சுட்ட அதிர்ச்சியில் குழல் பின்வாங்கும்போது கட்டையின் முனை மேலே எழும். காலித் தோட்டா கீழ்வழியாக வெளியேறும். அடுத்து முனை கீழே இறங்கும். புதிய தோட்டா அதன் மேலாக உள்ளே போகும். பிறகு நடுவுக்கு வந்து வாயை அடைக்கும். கட்டை முன்னும் பின்னும் ஓடாததால், தோட்டாவைத் தள்ள ஒரு நெம்புகோல், உருவ வேறொன்று என்று தனித்தனியாக வைத்தாக வேண்டும். போதாததற்கு, தோட்டா நேர்கோட்டில் போகாமல் சற்று வளைந்து போகிறது. இத்தனையும் நிமிடத்துக்கு சுமார் 450 முறை! ஒவ்வொரு பாகத்தையும் இழைத்துப் பொருத்திய கோபன்ஹேகன் தொழிலாளியைத்தான் நான் கும்பிடுவேன். விலை ஏறியதும் அந்த வேலைப்பாட்டால்தான். விளிம்புள்ள பிரிட்டிஷ் .303 தோட்டா மட்டும் இதற்கு ஒத்துவரவில்லை.

முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் வாங்கின. ஆனால் பெரிய வல்லரசு எதுவும் இதைத் தன் படை முழுமைக்குமான துப்பாக்கியாக ஏற்கவில்லை. லூயிஸுக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்காமல் போனதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ போலீஸோ, 7.62 நேட்டோ தோட்டாவுக்கு ஏற்ப மாற்றி, இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை வைத்திருந்தது.

திருத்தம் வெளியிடும்போது ராஸ்முஸன் பெயரையும் சேருங்கள். மூல வடிவமைப்பு அவருடையது. மேட்சன் அதை முன்னெடுத்த பீரங்கிப்படை அதிகாரி. பிறகு போர் அமைச்சராகவும் ஆனார். துப்பாக்கிக்கு யார் பெயர் வந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
கோயம்புத்தூர்