செயலாளர் ஆண்டறிக்கை: பதிவேட்டில் இல்லாத பிள்ளைகள்

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களில் இரண்டு மட்டும் நடக்கவில்லை, மற்றவை நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஆசிரியர்களைவிடப் பெற்றோர் அதிகம், எனக்கு அதில் மகிழ்ச்சி. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

சிறு வயதில் அடி, வசை, புறக்கணிப்பு, பாலியல் துன்புறுத்தல் என்று ஏதோ ஒன்றை அனுபவித்த பிள்ளைகள் வளரிளம் பருவத்தில் என்ன ஆகிறார்கள் என்று ஓராண்டு படிப்போம் எனப் போன பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். ஆளுக்கொரு பகுதியைப் படித்து வந்து பேசினோம். முதல் கூட்டத்திலேயே "நம்மைப் போன்ற குடும்பங்களில் இதெல்லாம் அபூர்வம்" என்று ஒருவர் சொன்னார். அதற்குப் பதில் 1998-ல் மருத்துவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் வெளியிடத் தொடங்கிய ஆய்வில் இருந்தது. அமெரிக்காவின் சான் டியாகோவில் 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய சிறு வயதைப் பற்றிக் கேட்டார்கள். பெரும்பாலானோர் படித்தவர்கள், மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள். அவர்களிலேயே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர், துன்புறுத்தலோ புறக்கணிப்போ வீட்டுக்குள் வேறொரு பெரிய சிக்கலோ ஒன்றையாவது பார்த்து வளர்ந்தவர்கள். அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் "அபூர்வம்" என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை.

இந்த ஆண்டு நான் படித்ததில் என்னை அதிகம் உலுக்கியது சேத் பொல்லாக் என்ற உளவியலாளரின் வேலை. ஒரு முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகும்படி படங்களைக் காட்டினால், உடல்ரீதியாக அடிபட்டு வளர்ந்த பிள்ளைகள் கோபத்தை மற்றவர்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிறார்கள். யோசித்துப் பார்த்தால் அது ஒரு திறமை. வீட்டில் யார் முகம் எப்போது மாறும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அந்தப் பிள்ளை தப்பிக்க முடியும். ஆனால் அதே கண்ணோடு வகுப்பில் உட்காரும்போது, ஆசிரியர் அலுப்பில் குரலை உயர்த்தினால்கூடத் தன் மேல்தான் பாயப்போகிறார் என்று தோன்றுகிறது, பக்கத்தில் இருப்பவன் தெரியாமல் இடித்தாலும் வேண்டுமென்றே இடித்ததாகப் படுகிறது, கை முந்திக்கொள்கிறது. நாம் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்துவிடுகிறோம். வாசலில் கேட்கும் காலடிச் சத்தத்துக்கே பாதிக் கவனம் போய்விடும் பிள்ளைக்கு இயற்கணிதம் எப்படி ஏறும்? இரவில் வீடு முழுவதும் தூங்கியபின்தான் கண் மூடுகிற பிள்ளை காலையில் தாமதமாக வருகிறது, அப்புறம் வராமலே போகிறது, மதிப்பெண் சரிகிறது, சோம்பேறி என்ற பட்டமும் கிடைக்கிறது. கை ஓங்காத வீடு நல்ல வீடு என்ற எண்ணத்தையும் நாம் விட வேண்டும். சாப்பிட்டாயா, படித்தாயா என்று கேட்க ஆளில்லாமல் வளரும் பிள்ளைகளுக்கும் படிப்பில் பலத்த அடி விழுகிறது.

வெளிப்படையாக ஒன்று சொல்கிறேன். பிள்ளை தப்பு செய்தால் வீட்டுக்கு ஆள் அனுப்புவதும், சில நாள் பள்ளிக்கு வராதே என்று நிறுத்திவைப்பதும் வழக்கமாக இருக்கிறது. அடி விழுவதே அந்த வீட்டில்தான் என்றால், பிள்ளையை நாமே அங்கே திருப்பி அனுப்புகிறோம், அடிப்பதற்கு ஒரு காரணத்தையும் கையில் கொடுத்து அனுப்புகிறோம். இதைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் மூன்று ஆசிரியர்கள் தாங்கள் எழுதிய புகார்க் கடிதங்களை நினைத்து வருந்தினார்கள். அவர்களுடைய நேர்மைக்கு என் வணக்கம்.

இந்த அறிக்கைக்காக பிள்ளைகளைப் பற்றி நாம் குறித்துவைக்கும் கவனிப்புப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். சண்டை போடுகிறவன், எதிர்த்துப் பேசுகிறவள், மட்டம் போடுகிறவன், எல்லாமே இப்படிப்பட்ட குறிப்புகள். ஒன்றுமே செய்யாத பிள்ளையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கிற பிள்ளை, ஒரு மதிப்பெண் குறைந்தால் உடல் நடுங்குகிற பிள்ளை, வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பிள்ளை, பள்ளி விட்டும் வீட்டுக்குக் கிளம்பாமல் ஏதாவது வேலை கேட்டு நிற்கிற பிள்ளை, இவர்களில் சிலரை "தங்கமான பிள்ளை" என்று நானே பாராட்டியிருக்கிறேன். இந்த அடையாளம் இருந்தாலே துன்புறுத்தல் என்று முடிவு கட்டக் கூடாதுதான். ஆனால் துயரம் உள்ளுக்குள் திரும்பினால் இப்படித்தான் தெரியும், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்கும் போகலாம். யாருக்கும் தொந்தரவு இல்லாததால் அது நம் கண்ணில் படுவதில்லை.

இனி நம் தவறு. ஆண்டின் நடுவில் ஒரு பிள்ளை நம் உறுப்பினர் ஒருவரிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தது. அவர் பதறிப்போய் இன்னும் இருவரை அழைத்தார். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து, எப்போது, எத்தனை முறை, வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டதையே மாற்றி மாற்றிக் கேட்டோம். கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளை "ஒன்றுமில்லை, சும்மா சொன்னேன்" என்று எழுந்து போய்விட்டது. அந்த மூன்று பேரில் நானும் ஒருவன். அந்தப் பிள்ளை மறுபடி வாய் திறக்கப் பல வாரங்கள் ஆயின. இப்போது பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் போகிறது, அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன், யாரும் என்னிடம் கேட்கவும் வேண்டாம்.

"அடிபட்டு வளர்ந்தவன் அடிக்கிறவனாகத்தான் வருவான்" என்று ஒரு பெற்றோர் கவலைப்பட்டார். கேத்தி விடம் என்ற உளவியலாளர் 1989-ல் வெளியிட்ட ஆய்வு, துன்புறுத்தலுக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான 908 பேரையும் அப்படி ஆளாகாத 667 பேரையும் ஒப்பிட்டது. சிறார் வயதில் கைதானவர்கள் முதல் குழுவில் 26 சதவீதம், இரண்டாவதில் 17 சதவீதம். ஆபத்து கூடுகிறது, உண்மை. ஆனாலும் முதல் குழுவிலேயே ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் சிறார் வயதில் கைதாகவில்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்த உளவியலாளர் எம்மி வெர்னரும், மிகக் கடினமான சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்ததைக் கண்டார். அவர்களுக்குத் துணையாக நின்றவற்றில் ஒன்று, தாய் தந்தை இல்லாவிட்டாலும் நம்பிப் பேசக்கூடிய ஒரு பெரியவர். அது தாத்தா பாட்டியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம்.

ஆகவே இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். எந்தப் பிள்ளை பேச வந்தாலும் யாரிடம் வந்ததோ அவர் ஒருவரே கேட்க வேண்டும். துருவக் கூடாது, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, "உன் மேல் தப்பில்லை" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களிடம் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது, பதிவேட்டில் அமைதியாக மாறிவிட்ட பிள்ளைகளுக்கென்று தனிப் பக்கம் வேண்டும், மாதம் ஒரு முறையாவது அதை எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவதை நான் ஏற்கெனவே தொடங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் நான்கு குறிப்புகள் இருக்கின்றன. பெயர் எழுதவில்லை, விவரம் வகுப்பாசிரியர்களிடம் மட்டும் இருக்கிறது. கைதூக்கி வாக்களித்த பிறகு பதிவேட்டைப் புதிய செயலாளரிடம் ஒப்படைக்கிறேன்.

செயலாளர்