டிசைனருக்கு எல்லை எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைவாய்ப்புப் பக்கங்களில் வரும் ‘டிசைனர் தேவை’ விளம்பரங்கள் பலவற்றில் மென்பொருளின் பெயர்தான் தகுதியாக இருக்கிறது. ஃபோட்டோஷாப் தெரிய வேண்டும், ஆட்டோகேட் தெரிய வேண்டும், ஃபிக்மா தெரிந்தால் நல்லது. வடிவமைப்புத் துறைகளின் எல்லைகள் குழம்பிக் கிடப்பதற்கு இந்தப் பழக்கம் பெரிய காரணம். மென்பொருள் இன்று ஒன்று, நாளை வேறொன்று. வேலை பிசகினால் யாருக்கு என்ன பாதிப்பு, அதற்கு யார் பொறுப்பு என்பதை வைத்துத்தான் துறைகளைப் பிரிக்க வேண்டும்.

ஒரு மருந்து அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். எழுத்தும் நிறமும் கிராஃபிக் டிசைனரின் வேலை. அட்டை எங்கே வெட்டப்படும், எங்கே மடியும், எங்கே ஒட்டும் என்று காட்டும் டைலைன், பேக்கேஜிங் தெரிந்தவரின் வேலை. திரைக்கு மட்டுமே வேலை செய்து பழகியவரிடம் இரண்டையும் ஒன்றாக ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதை அச்சகத்தில் கேட்டால் சொல்வார்கள். பொடி எழுத்துக்கான கறுப்பு நான்கு மைகளின் கலவையாக வந்து சேரும். அச்சுத் தகடு இம்மி விலகினாலும் 6 பாயின்ட் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் விழும். மருந்தின் அளவைப் படிக்க முடியாது. அந்த எழுத்து கறுப்பு மை ஒன்றில் மட்டுமே அச்சாக வேண்டும். வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நிறத்தை நீட்டி பிளீட் விடாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். பசை தடவும் மடிப்பில் வார்னிஷ் ஏறிவிட்டால் பசை சரியாகப் பிடிக்காது. மருந்து நிரப்பும் இயந்திரத்திலேயே பெட்டி வாய் பிளந்துகொள்ளும்.

இதைவிடப் பெரிய பாடம் 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் கிடைத்தது. அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு ஒன்று திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையிலோ அதற்குரிய விளக்கு அணைந்திருந்தது. ‘மூடு’ என்ற மின்கட்டளை போய்விட்டதா என்பதை மட்டுமே காட்டும்படி அந்த விளக்கை இணைத்திருந்தார்கள். வால்வு உண்மையில் மூடியதா என்று அது சொல்லாது. பணியில் இருந்தவர்கள் மூடிவிட்டது என்றே நம்பினார்கள். 2 மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறி, உலையின் மையப் பகுதி ஓரளவு உருகியது. வால்வைச் செய்பவர், மின்கம்பி இணைப்பவர், பலகையை அமைப்பவர் எல்லோரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்தாலும், பார்ப்பவர் அந்த விளக்கை எப்படிப் புரிந்துகொள்வார் என்பதற்கென்று பொறுப்பான ஒருவர் வேண்டும். இடைமுக வடிவமைப்பை, அதாவது கருவியும் மனிதரும் சந்திக்கும் விளக்கு, பொத்தான், திரை போன்றவற்றை அமைப்பதை, தனித் துறையாக நடத்த வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

வடிவமைப்புத் துறைகளுக்குச் சட்ட அங்கீகாரம் கேட்கும்போது இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: பட்டத்தை, அதாவது தொழிற்பெயரைக் காப்பது ஒன்று, பணியைக் காப்பது இன்னொன்று. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட் சட்டப்படி, பதிவு பெறாதவர் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்தப் பணியைப் பிறர் செய்வதை அச்சட்டம் தடுக்கவில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பலர் இதை அறியாமல், பட்டத்துக்குப் பாதுகாப்புக் கிடைத்தாலே எல்லாம் சீராகிவிடும் என்று எண்ணுகிறார்கள்.

எல்லாத் துறைகளுக்கும் உரிமம் கேட்பதும் சரியல்ல. லோகோ வரைபவருக்கு உரிமம் எதற்கு? கல்லூரிப் படியேறாதவரும் கொடிகட்டிப் பறக்கக்கூடிய துறை அது. அங்கே செய்து காட்டிய வேலையே சான்று. உள்ளமைப்பு (இன்டீரியர் டிசைன்) அப்படியல்ல. வண்ணமும் திரைச்சீலையும் தேர்ந்தெடுத்துத் தருபவரால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் தாழ்வான ஃபால்ஸ் சீலிங் போட்டு தீயணைக்க நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரையும் புகை உணரியையும் மறைத்துவிட்டால் தீப்பிடித்ததே தெரியாமல் போகும். புதுத் தடுப்பு வைத்தால் வெளியேறும் வழி நீளும். சுமை தாங்கும் சுவரில் கைவைத்தால் மேல்தளத்துக்கே ஆபத்து. இந்த வேலைகளுக்குத் தேர்வும் பதிவும் கட்டாயமாக வேண்டும். வட அமெரிக்காவில் உள்ளமைப்பாளர்களுக்கென்று என்சிஐடிகியூ தேர்வு இருக்கிறது. படிப்பும் பணி அனுபவமும் சேர்ந்து சுமார் 6 ஆண்டுகள் ஆனவர்களே அதை எழுதி முடித்துத் தகுதி பெற முடியும். நல்ல முன்மாதிரி.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வேலை கொடுப்பவர்கள் ஒப்பந்தத்தோடு ஒரு பக்கத் தாளை இணைக்கலாம். ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே, அதை எடுப்பவர் யார், சரிபார்ப்பவர் யார், பிசகினால் யார் செலவில் திருத்துவது என்று எழுதிவிட வேண்டும். அச்சு வேலை என்றால் இறுதி புரூஃபில் (அச்சுக்கு முந்தைய சரிபார்ப்புப் படியில்) யார் கையெழுத்துப் போடுவார் என்பதும் அதில் இருக்கட்டும். எழுத்துப் பிழை வாடிக்கையாளரின் பொறுப்பா, டிசைனரின் பொறுப்பா என்ற தகராறு பெரும்பாலும் அச்சடித்து முடித்த பிறகுதான் கிளம்புகிறது; அப்போது காகிதம், மை, கூலி எல்லாம் செலவாகியிருக்கும்.

இப்படிக்கு,
வடிவமைப்புப் பணியாளர்கள் சிலர்