மக்தலா படங்களில் பெயரில்லாமல் நிற்பவர்கள்: காப்பகங்களுக்கு ஒரு திறந்த மடல்

அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) மீதான படையெடுப்பின் புகைப்படங்களைப் பாதுகாத்துவரும் பிரிட்டனின் நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும்,

வணக்கம்.

1868-இல் எத்தியோப்பியாவின் மக்தலா மலைக்கோட்டை வரை சென்ற பிரிட்டிஷ் படையின் புகைப்படங்களை இன்று நாங்கள் வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. ஒன்றரை நூற்றாண்டாக அவற்றைக் காத்து வந்த உங்களுக்கு நன்றி. அந்த நன்றியோடு ஒன்று கேட்கிறேன்: படங்களின் கீழுள்ள குறிப்புகளைத் திருத்தி எழுதுங்கள். நாற்காலியில் அமர்ந்திருக்கும் அதிகாரிக்குப் பெயர், பதவி, படைப்பிரிவு எல்லாம் கிடைத்துவிடுகின்றன. அவருக்குப் பின்னால் நிற்கும் பணியாளர், கூடாரத்தின் ஓரத்தில் குந்தியிருப்பவர், கோவேறு கழுதையின் கயிற்றைப் பிடித்திருப்பவர் ஆகியோருக்குப் பெரும்பாலும் ஒரு சொல்கூட இல்லை.

இவர்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள் அல்லர். பம்பாயிலிருந்து ராபர்ட் நேப்பியர் நடத்திச் சென்ற படையில் வீரர்கள் சுமார் 13,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். சமையற்காரர், டோலி தூக்குவோர், தண்ணீர் சுமப்போர், கழுதைக்காரர் எனப் படையோடு சென்ற பணியாளர்கள் ஏறக்குறைய அதைப்போல் இருமடங்கு. 40,000-க்கு மேற்பட்ட விலங்குகள் சென்றன. பீரங்கிகளைச் சுமக்க இந்தியாவிலிருந்து 44 யானைகளும் கப்பலேறின.

படம் எடுத்தவர்கள் பிரிட்டனின் பொறியியல் படையான ராயல் எஞ்சினியர்ஸின் 10-ஆம் கம்பெனியைச் சேர்ந்தவர்கள். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்துக்குள் ஓடிக் கழுவியாக வேண்டும். கேமராவின் முன் சில நொடிகளாவது அசையாமல் இருக்க வேண்டும். உட்கார நேரமிருந்தவர் முகம் தெளிவாகப் பதிந்தது. தோல்பையில் தண்ணீர் சுமந்து நடந்தவர் மங்கலான நிழலானார், அல்லது பதியாமலே போனார். முகாம் படங்களில் தெரியும் அமைதிக்கு இதுவே காரணம். இதை அறியாத வாசகர் அந்தப் பாளையத்தை ஓய்விடமாக எண்ணிவிடுவார். ஒரே ஒரு வரியில் இந்தச் செய்தியைக் குறிப்பில் சேர்த்தால் படத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

ஏனென்றால் அங்கே ஓய்வு இருக்கவில்லை. செங்கடலோரம், இன்றைய எரித்திரியாவில் உள்ள சூலாவில் படை இறங்கிய இடத்தில் போதிய குடிநீர் கிடையாது. கப்பல்களின் கொதிகலன்களில் கடல்நீரைக் காய்ச்சி வடித்துத்தான் குடித்தார்கள். தாகத்தாலும் நோயாலும் கோவேறு கழுதைகள் கரையிலேயே செத்துக் குவிந்தன. அதற்கிடையே துறைமேடை கட்டி, ரயில் பாதை போட்டார்கள். பிறகு சூரு கணவாயின் பாறைகளை உடைத்துப் பாதை திறந்து, செனாஃபே மேட்டுநிலம் ஏறினார்கள். கடற்கரையின் வெயிலில் வாடியவர்கள் அங்கே இரவுக் குளிரில் நடுங்கினார்கள். மக்தலாவுக்கு ஏறத்தாழ 640 கிலோமீட்டர் நடை. ஒரு பாதையின் படத்துக்குக் கீழே கணவாயின் பெயரை மட்டும் எழுதினால், அந்தப் பாதையை வெட்டிய கைகளை எங்கே தேடுவது?

அந்தக் கைகளில் சில எங்கள் ஊர்க்காரர்களுடையவை. சென்னை மாகாணத்துச் சாப்பர் படையின், அதாவது பாதையும் பாலமும் அமைக்கும் பொறியியல் படையின், கம்பெனிகள் இந்தப் படையெடுப்பில் இருந்தன. 'தம்பிகள்' என்று இன்றும் பாசத்தோடு அழைக்கப்படும் அதே படை. மக்தலா வாயிலை நோக்கி ஏறிய அணியிலும் அவர்கள் இருந்தார்கள். அன்று முதலில் உள்ளே ஏறிய இரண்டு பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. இந்தியச் சிப்பாய்க்கு அந்த விருதைப் பெறும் உரிமையே 1911-இல்தான் வந்தது.

ஆனால் பெயர்கள் அழிந்துவிடவில்லை. இந்தப் போருக்கான பதக்கத்தின் பின்புறத்தில் அதைப் பெற்றவரின் பெயர் பொறிக்கப்பட்டது. சிப்பாய்களின் பதக்கங்களிலும் அப்படியே. பதக்கப் பட்டியல்களைப் படத்தொகுப்புகளோடு இணையுங்கள். எந்த முகம் யாருடையது என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம். அந்த முகாமில் எந்தக் கம்பெனி இருந்தது, அதில் யார் யார் இருந்தார்கள் என்றாவது சொல்ல முடியும்.

அவர்களை மாவீரர்களாக்கச் சொல்லவில்லை. ஏப்ரல் 10-இல் மக்தலாவுக்கு அருகே அரோகியில் நடந்த சண்டையில் சுமார் 700 எத்தியோப்பியர்கள் மடிந்தார்கள். நேப்பியர் தரப்பில் காயமுற்றுப் பின்னர் இறந்தவர்கள் இருவர். 13-இல் கோட்டை விழுந்தது. எத்தியோப்பியப் பேரரசர் தெவோத்ரோஸ் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். சுவடிகள், மகுடம், திருச்சபைப் பொருள்கள் எல்லாம் சூறையாடப்பட்டன. அவற்றைச் சுமக்க 15 யானைகளும் ஏறத்தாழ 200 கோவேறு கழுதைகளும் தேவைப்பட்டன. தலாந்தா சமவெளியில் ஏலம் நடந்தது. கோட்டைக்குத் தீ வைக்கப்பட்டது. சிப்பாயும் அந்தப் படையின் அங்கம்தான். அவனுடைய வழக்கமான சம்பளம் இந்தியாவின் வரிப்பணத்திலிருந்தே போனது; அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் ஒரிசாப் பஞ்சத்தில் மக்கள் கொத்துக்கொத்தாக மாண்டிருந்தார்கள்.

எனவே பாளையத்துப் படங்களை ஓரிடத்திலும் மக்தலாவிலிருந்து வந்த பொருள்களை வேறிடத்திலும் தனித்தனியே காட்டாதீர்கள். ஏழு வயதில் பிரிட்டனுக்கு அழைத்துவரப்பட்ட, தெவோத்ரோஸின் மகன் இளவரசர் அலேமாயேஹுவின் படங்களையும் இவற்றோடு சேர்த்து வையுங்கள். 18 வயதில் இறந்து வின்ட்சரில் அடக்கமான அவருடைய உடலைத் திருப்பித் தர 2023-இல்கூட பக்கிங்ஹாம் அரண்மனை மறுத்துவிட்டது. அது உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். குறிப்பு எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது.

அதை எழுதும்போது எத்தியோப்பிய, எரித்திரிய ஆய்வாளர்களை அழையுங்கள். ஊர்ப்பெயர்களை அவர்கள் வழங்கும் வடிவிலேயே இடுங்கள். பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய படங்களைக் கட்டணமின்றித் தாருங்கள். தமிழ்ப் பெயர்களைப் பதக்கப் பட்டியலின் ஆங்கில எழுத்துக்கூட்டலிலிருந்து மீட்டெடுக்க ஆள் வேண்டுமென்றால் எழுதுங்கள். அந்த வேலைக்கு என்னைப்போல் பலர் இங்கே ஆயத்தமாக இருக்கிறோம்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு வாசகர்