எட்டாவது காலில் நேர்ந்த பிழை

தொண்டி,
வியாழன் இரவு.

அன்புள்ள மாப்பிள்ளை,

தங்கையின் திருமணத்திற்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது என் தவறு. வீட்டில் அனைவரும் நலம். நம் கல்லூரி ஆய்வகத்து லேப் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார்.

மச்சானின் இறால் குளத்திற்கு, நீரின் அமில-காரத் தன்மையை எண்ணாகக் காட்டும் பி.எச். அளவி செய்வதாகச் சொன்னேன் அல்லவா? விடியலில் இறங்கி, பகல் வெயிலில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும்போது ஏறுகிற அந்த எண் உயர உயர, நீரிலுள்ள அம்மோனியாவில் நஞ்சாகும் பங்கும் கூடுகிறது. ஆகவே கரையில் எந்நேரமும் இயங்கும் கருவி அவருக்குத் தேவை. பி.எச்.-ஐ மின்னழுத்தமாக மாற்றித் தரும், நீரில் அமிழ்த்தும் கண்ணாடி மின்வாயின் தடை நூறு மெகாஓம் அளவில் இருக்கும். நாம் கல்லூரியில் எல்லாவற்றுக்கும் போட்ட 741 என்ற பெருக்கி ஐசியின் உள்ளீட்டு மின்னோட்டமான 80 நானோ ஆம்பியர் அதில் பாய்ந்தால் 8 வோல்ட் பிழை வரும். அளக்க வேண்டியதோ ஒரு பி.எச். அலகுக்கு வெறும் 59 மில்லிவோல்ட். அதனால்தான் உள்ளீட்டில் 1 பிக்கோ ஆம்பியர் அளவே இழுக்கும் சிமாஸ் வகை ஆப் ஆம்ப் (பெருக்கி ஐசி), ஐ.சி.எல். 7611-ஐ எடுத்தேன்.

அந்த ஐசி தான் இயங்க எவ்வளவு மின்னோட்டம் எடுக்கும் என்பதை அதன் எட்டாவது கால் தீர்மானிக்கும். அதை மின்வழங்கலின் நேர் முனையில் இணைத்தால் 10 மைக்ரோ ஆம்பியர், கிரவுண்டில் இணைத்தால் 100, எதிர் முனையில் இணைத்தால் 1 மில்லி ஆம்பியர் செலவாகும். வேகமும் அதற்கேற்ப 44 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1.4 மெகாஹெர்ட்ஸ் வரை மாறும். நான் நடு நிலையை விரும்பி அந்தக் காலைக் கிரவுண்டில் பற்றவைத்தேன். 500 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட 9 வோல்ட் பேட்டரி ஏழு மாதம் தாங்கும் என்று மச்சானுக்கு வாக்கும் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் தீர்ந்துவிட்டது! இரண்டு இரவு தூங்கவில்லை, மாப்பிள்ளை. ஐசியின் விவரத்தாளான டேட்டாஷீட் சொல்லும் கிரவுண்ட், நேரும் எதிருமாக இருபுறமும் தரும் மின்வழங்கலின் நடுப்புள்ளி. ஒற்றை பேட்டரியில் நாம் கிரவுண்ட் என்று அழைப்பதோ எதிர் முனையேதான். நான் கேட்டது 100 மைக்ரோ, பெற்றது 1 மில்லி.

குளத்தின் பி.எச். மணிக்கணக்கில் நகர்வது, அதற்கு வேகம் எதற்கு? எட்டாவது காலை நேர் முனைக்கு மாற்றினேன். உடனே, அளவைக் காட்ட வெளியீட்டில் மாட்டியிருந்த முள் மீட்டர் பாதியிலேயே நின்றது. அந்தச் சிக்கன நிலைக்கு டேட்டாஷீட் குறிக்கும் சுமை 1 மெகாஓம். என் மீட்டர் பக்கம் இருந்ததோ 10 கிலோஓம்; தடை குறையக் குறைய அது கேட்கும் மின்னோட்டம் கூடும். மீட்டரைக் கழற்றிவிட்டு, உள்தடை 10 மெகாஓம் உள்ள டிஜிட்டல் மல்டிமீட்டரால் பார்த்தேன். அளவு சரியாக வந்தது. சிக்கனம் என்பது மின்னோட்டத்தை மட்டும் குறைப்பதில்லை, வெளியே தள்ளும் வலுவையும் குறைக்கிறது என்பதை நாம் படித்தபோது யாரும் அழுத்திச் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்மையாகவே உண்டு.

இனி என் கவலை உப்பு. வாடைக் காற்று தொடங்கினால் சுற்றுப் பலகையின் மேல் ஈர உப்புப் படலம் படியும். மின்வாய் வந்து சேரும் உள்ளீடான மூன்றாம் காலுக்கு அருகில் அது கசியவிடும் மின்னோட்டத்தின் முன் 1 பிக்கோ ஆம்பியருக்கு மதிப்பே இல்லை. அந்தக் காலைப் பலகையில் படாமல் தூக்கி, மின்னோட்டத்தைக் கசியவிடாத டெஃப்ளான் பிளாஸ்டிக் தாங்கியில் நிறுத்தப் போகிறேன். உன் பட்டறைப் பெட்டியில் பழைய டெஃப்ளான் தாங்கிகள் கிடந்தன. நான்கு போதும். ஞாயிறு வரும்போது எடுத்து வா. குளத்தங்கரையில் சேர்ந்தே பற்றவைப்போம்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை