ஹூஸ்டனில் படிக்கும் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

நகரமைப்புப் படிப்பின் ஆய்வுக்கு ஹூஸ்டனில் எந்தப் பூங்காவை எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருந்தாய். தேர்ட் வார்டு பகுதியிலுள்ள எமான்சிபேஷன் (அடிமை விடுதலை) பூங்காவை எடுத்துக்கொள் என்பதே என் வேண்டுகோள். பரப்பில் அது 10 ஏக்கர்தான். ஆயினும் கறுப்பின மக்களின் வாழ்வில் ஒரு திறந்தவெளிக்கு உள்ள இடத்தை அதைவிடத் தெளிவாகக் காட்டும் பூங்காவை நான் அறியேன்.

ஹூஸ்டன் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்தில் அடிமைமுறை ஒழிந்தது என்ற அறிவிப்பு 1865 ஜூன் 19 அன்று கால்வெஸ்டன் நகரில் வெளியானது. அந்த நாளை ஆண்டுதோறும் கொண்டாட, தங்களுடையது என்று உரிமையோடு சொல்லத்தக்க இடம் ஒன்று அம்மக்களுக்குத் தேவைப்பட்டது. அடிமையாகப் பிறந்து பின்னாளில் போதகரான ஜாக் யேட்ஸும் அவருடன் நின்றவர்களும், தங்கள் தேவாலயங்களின் துணையோடு பணம் திரட்டி, 1872இல் அந்த நிலத்தை விலைக்கு வாங்கினார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன்புவரை தங்கள் உடலே தங்களுக்குச் சொந்தமில்லை என்றிருந்தவர்கள், கூடிப் பாடவும் உண்ணவும் பிள்ளைகள் ஓடியாடவும் ஊருக்குப் பொதுவாக ஒரு வெளியை வாங்கினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பின்னர் அந்த நிலம் நகராட்சியின் கைக்குச் சென்றது. நிறப்பாகுபாடு நடைமுறையில் இருந்த 1922 முதல் 1940 வரையிலான காலத்தில், கறுப்பின மக்கள் பயன்படுத்தக்கூடிய நகராட்சிப் பூங்கா ஹூஸ்டனில் அது ஒன்றுதான். வேறெங்கும் இடம் மறுக்கப்பட்டதால், விளையாட்டு, இசை, விருந்து, பின்னாளில் உரிமைப் போராட்டக் கூட்டங்கள் என எல்லாமே அந்த மரநிழலுக்கு வந்தன. ஒதுக்கிவைத்ததன் கொடுமையை இது குறைத்துவிடாது. ஆனால் ஒரு பண்பாடு தலைமுறை தலைமுறையாகக் கைமாறுவதற்கு மக்கள் கூட ஓர் இடம் எவ்வளவு இன்றியமையாதது என்பது இதில் விளங்கும். ஜூன்டீன்த் எனப்படும் அந்த ஜூன் 19 நாடு தழுவிய அரசு விடுமுறையானது 2021இல்தான். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்பே அந்த நாளுக்கு இம்மக்கள் நிலம் தேடி வைத்திருந்தார்கள்.

கறுப்பினக் கட்டடக்கலைஞர் ஃபிலிப் ஃப்ரீலன் வடிவமைத்த புதுப்பிப்புப் பணி 2017இல் நிறைவுற்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் படை அதிகாரி டிக் டௌலிங்கின் பெயரைச் சுமந்திருந்த பக்கத்துத் தெருவும் அதே ஆண்டில் எமான்சிபேஷன் அவென்யூ ஆயிற்று.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதே. பூங்கா அழகுபெறும்போது சுற்றுப்புற நிலத்தின் விலையும் ஏறுகிறது. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் வாடகையும் வரியும் தாளாமல் வெளியேற நேர்ந்தால், அந்தப் புல்வெளி யாருக்காக வாங்கப்பட்டதோ அவர்களுக்கே எட்டாமல் போய்விடும். ஆகவே உன் ஆய்வில் பூங்காவின் வரைபடத்தோடு சுற்றியுள்ள வீடுகளின் நிலையையும் சேர்த்துக்கொள். அப்பகுதியின் முதியவர்களிடம் நேரில் பேசி, அவர்கள் சொல்வதை முழுமையாகப் பதிவுசெய்.

அன்புடன்,
உன் அண்ணன்