கேஷா, இன்சூரன்ஸா?

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்தது. பேத்தி உன் மூக்குக் கண்ணாடியை உடைத்த கதையை இவளுக்குப் படித்துக் காட்டினேன், இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

மருத்துவ இன்சூரன்ஸுக்குப் பிரீமியம் ஏறிவிட்டது, பாலிசியை விட்டுவிடவா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே.

எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனது, புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில். என் மகன் எடுத்துக் கொடுத்த பாலிசிக்கு இன்னும் 2 வருஷம் முடியவில்லை. குடலிறக்கம், கண்புரை, மூலம் இதற்கெல்லாம் பெரும்பாலான பாலிசிகளில் அதுவரை காத்திருக்க வேண்டும், அதனால் என் கைக்காசுதான். கவுன்ட்டரில் இருந்த பையன் தலை நிமிராமலே, "கேஷா, இன்சூரன்ஸா சார்?" என்றான். சும்மா இரண்டுக்கும் கேட்டு வைத்தேன். இன்சூரன்ஸுக்கு அச்சடித்த தாள் இருந்தது: 1,10,000. கேஷுக்கு அதே தாளைத் திருப்பிப் போட்டுப் பென்சிலால் எழுதினான்: 78,000. அதே டாக்டர், அதே கட்டில்! ஏன்ப்பா என்றால், "அந்தப் பணம் கைக்கு வர மாசக்கணக்காகும் சார்" என்கிறான். அவன் கஷ்டம் அவனுக்கு. மருந்து, ஸ்கேன், அறை எல்லாம் சேர்த்தா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்.

கேஷ் என்றாலும் நோட்டாக நீட்டாதே. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க அவர்களுக்கே சட்டம் இடம் தராது. வருமான வரியின் பழைய முறையில், 60 தாண்டி இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கு 50,000 வரை மருத்துவச் செலவை வருமானத்தில் கழிக்கலாம். அதுவும் ரொக்கமாகக் கட்டினால் கிடையாது.

திட்டம் போட்டுச் செய்கிற சின்ன ஆபரேஷனுக்கு இதெல்லாம் சரி. ஐசியூவில் ஆளைப் படுக்கவைத்துவிட்டு எவன் பேரம் பேசுவான்? உனக்கோ சர்க்கரை. இதை விட்டுவிட்டு நாளைக்குப் புதிதாக எடுத்தால், பழைய நோய்க்கான காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். 2024-ல் குறைத்த பிறகும் 3 வருஷம் வரை போகலாம். தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை 2025 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். அப்படியும் ஏறியிருக்கிறது என்றால் ஏஜெண்டைப் பிடித்துக் கேள். கட்டுப்படி ஆகாவிட்டால் வேறு கம்பெனிக்கு மாற்று; காத்திருந்த வருஷங்கள் வீணாகாது.

அம்மாவுக்கு 70 தாண்டிவிட்டதே, மத்திய அரசின் இலவச மருத்துவக் காப்பீட்டுக்கான ஆயுஷ்மான் அட்டை வாங்கினாயா? வருமானம் பார்ப்பதில்லை, வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை.

மாசி மகத்துக்கு வருவாய்தானே? பாலிசித் தாளையும் எடுத்து வா. பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறான் என்று சேர்ந்து பார்ப்போம். கண்ணாடியை மாற்றிக்கொண்டு வா.

உன்
பழைய பெஞ்சுக்காரன்