பச்சை குத்தினால் ஓராண்டு பொறுங்கள்

ஆசிரியருக்கு,

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கையில் பச்சை குத்திக்கொண்டு, அடுத்த மாதமே ரத்ததான முகாமுக்கு வரும் இளைஞர்களைத் திருப்பி அனுப்பினால் கோபப்படுகிறார்கள். "எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணத்தானே போறீங்க?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒவ்வொரு பையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய் (சிபிலிஸ்), மலேரியா ஆகியவற்றுக்குப் பரிசோதிக்கப்படுகிறது. ஆனால் கிருமி உடலில் புகுந்த முதல் சில வாரங்களில் பரிசோதனையில் அது சிக்காமல் போகலாம். அப்போதும் ரத்தத்தின் வழியே பரவ அதனால் முடியும். ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்தும் இடங்களில் இந்த ஆபத்து அதிகம். அதனால்தான் 12 மாதக் காத்திருப்பு. ஒரு பையைச் சிவப்பணு, ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்), பிளாஸ்மா எனப் பிரித்து மூன்று நோயாளிகளுக்குக் கொடுக்கிறோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

வயது 18 நிறைந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 100 மி.லி. ரத்தத்தில் 12.5 கிராமாவது வேண்டும். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. வெறும் வயிற்றில் வராதீர்கள். மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் விழுங்கியிருந்தால் சொல்லிவிடுங்கள். அந்தப் பையிலிருந்து தட்டணு பிரிக்க மாட்டோம்.

முகாம் நடத்துவோர் பை எண்ணிக்கைக்காக அவசரப்படுத்தாமல், கேள்வித்தாளைத் தனியாக உட்கார்ந்து நிரப்ப இடம் கொடுக்க வேண்டும். நண்பர்கள் சூழ நிற்கையில் யாரும் உண்மையை எழுதுவதில்லை. கொடுத்த பிறகு காய்ச்சல் வந்தாலோ, மறைத்தது உறுத்தினாலோ உடனே ரத்த மையத்துக்குப் போன் செய்யுங்கள். பை வெளியே போகுமுன் ஒதுக்கிவிடலாம்.

– ரத்த மையப் பணியாளர்கள், மதுரை